மதிலுக்கு வெளியே இருக்கும் கணக்கு

புதுச்சேரி நகரத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போகிறவர்கள் சில கிலோமீட்டருக்குள் மாநில எல்லையை இரண்டு முறை கடக்கிறார்கள். கோட்டக்குப்பத்தில் தமிழ்நாடு தொடங்குகிறது. பொம்மையார்பாளையம் தாண்டியபின் மறுபடி புதுச்சேரி வருகிறது. பிரெஞ்சு ஆட்சி விட்டுப்போன அந்தத் துண்டு நிலம்தான் காலாப்பட்டு. கடலோரத்தில் கனகசெட்டிக்குளம், பெரியகாலாப்பட்டு, சின்னகாலாப்பட்டு என்று மீனவர் ஊர்கள். அவற்றிலிருந்து நடந்து போகும் தூரத்தில் 1985இல் தொடங்கப்பட்ட மத்தியப் பல்கலைக்கழகம், இப்போது தொழில்நுட்பப் பல்கலைக்கழகமாகிவிட்ட பழைய பொறியியல் கல்லூரி, ஒரு மருத்துவக் கல்லூரி, மத்தியச் சிறை. அவற்றோடு ஒரு காஸ்டிக் சோடா ஆலை, ஒரு மருந்து மூலப்பொருள் ஆலை.

தொழில்கள் சமூகத்துக்கும் இயற்கைக்கும் பொறுப்பாக இருக்க வேண்டும் என்று உலகம் முழுவதும் பேசப்படுகிறது. 1987இல் பிரண்ட்லாண்ட் ஆணையம் நீடித்த வளர்ச்சி என்ற கருத்தைப் பரப்பியது. 2004க்குப் பிறகு முதலீட்டாளர்கள் சுற்றுச்சூழல், சமூகம், நிர்வாகம் மூன்றையும் சுருக்கி ஈஎஸ்ஜி என்று மூன்றெழுத்தில் பேசக் கற்றுக்கொண்டார்கள். பெரிய கம்பெனிகள் ஆண்டுதோறும் நூறு பக்கத்துக்குக் குறையாமல் அறிக்கை வெளியிடுகின்றன. இந்தப் பேச்சில் எவ்வளவு நிஜம் என்று பார்ப்பதற்குக் காலாப்பட்டு போன்ற ஊர்தான் சரியான இடம் என்று நினைக்கிறேன். ரசாயன ஆலை, மீனவர் குப்பம், நிலத்தடி நீர், ஆராய்ச்சிப் படிப்பு எல்லாம் இங்கே ஒன்றையொன்று ஒட்டி இருக்கின்றன. ஒரு தொழில் நிலைக்கத் தகுந்ததா என்பதை அதன் ஆண்டறிக்கையை வைத்து முடிவு செய்ய முடியாது. மதிலுக்கு வெளியே குடியிருப்பவர்களுக்கு அந்தத் தொழிலைப் பற்றி என்ன தெரியும், என்ன கேட்கும் உரிமை இருக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

நல்லதிலிருந்து தொடங்குவது நியாயம். உப்பு, தண்ணீர், மின்சாரம் மூன்றையும் கொண்டு காஸ்டிக் சோடா செய்யப்படுகிறது. உப்புக் கரைசலில் மின்சாரம் பாய்ந்தால் காஸ்டிக் சோடாவோடு குளோரினும் ஹைட்ரஜனும் கிடைக்கும். ஒரு டன் காஸ்டிக் சோடாவுக்கு ஏறத்தாழ 880 கிலோ குளோரின் கூடவே வரும். சோப்பு, காகிதம், துணி, அலுமினியம், குடிநீர்ச் சுத்திகரிப்பு எதுவும் இந்தத் தொழில் இல்லாமல் நடக்காது. நெடுங்காலம் இதைப் பாதரசம் நிரப்பிய கலங்களில் செய்தார்கள். அந்தப் பாதரசம் கழிவுநீரிலும் காற்றிலும் கசிந்தது. ஜப்பானின் மினமாட்டாவில் 1956இல் அடையாளம் காணப்பட்ட நோய் வேறொரு வகை ரசாயன ஆலையிலிருந்து வந்ததுதான். ஆனால் பாதரசம் கடலுக்குப் போய், மீனுக்குப் போய், மீன் தின்றவர்களின் நரம்புக்குப் போகும் வழியை அது உலகத்துக்கே காட்டியது. அதன் விளைவாக ஜப்பான் 1970களில் பாதரசக் கலங்களைக் கைவிட்டு, அயனிகளை மட்டும் கடக்க விடும் சவ்வு முறைக்கு மாறத் தொடங்கியது.

காலாப்பட்டின் காஸ்டிக் சோடா ஆலையான கெம்பாப் ஆல்கலிஸ் 1980களின் நடுவிலேயே இந்தச் சவ்வு முறையைக் கையாண்ட முன்னோடி. இந்தியாவின் பெரிய ஆலைகள் பல அப்போது பாதரசத்தில்தான் ஓடின. 2003இல் மத்திய அரசு தொழில்துறையோடு சேர்ந்து வகுத்த பொறுப்புச் சாசனம்தான் 2012க்குள் எல்லோரும் மாற வேண்டும் என்று கெடு வைத்தது. பாதரச முறைக்கு ஒரு டன்னுக்கு 3,000 யூனிட்டுக்கும் மேல் மின்சாரம் செலவாகும். சவ்வு முறையில் அது 2,500 யூனிட் அளவுக்கு இறங்குகிறது. மாசைத் தவிர்த்த அதே முடிவு மின்கட்டணத்தையும் குறைத்தது. மீன்பிடித்து வாழும் ஒரு கரையோரத்தில் பாதரசக் கலங்கள் வராமல் போனது சிறிய விஷயம் இல்லை. கொடைக்கானலில் இந்துஸ்தான் லீவரின் தெர்மாமீட்டர் ஆலை, பாதரசம் கலந்த உடைந்த கண்ணாடி பழைய பொருள் கடையில் கிடந்தது வெளியானபின் 2001இல் மூடப்பட்டது. அங்கே வேலை பார்த்த 591 பேருக்கான உடன்பாடு கையெழுத்தாக 2016 வரை ஆயிற்று.

இதிலிருந்து எனக்குக் கிடைக்கும் பாடம் தெளிவானது. ஒரு தொழிலின் நல்லது கெட்டதில் பெரும்பகுதி, அது எந்த முறையில், எந்த மூலப்பொருளில், எந்த இடத்தில் உற்பத்தி செய்வது என்று முதல் நாள் எடுக்கும் முடிவில் அடங்கிவிடுகிறது. பிறகு பள்ளிக்கு மேசை வாங்கிக் கொடுப்பதாலோ சாலையோரம் மரம் நடுவதாலோ அந்த முடிவு மாறாது.

ஆனால் முறை நல்லதாக இருந்தாலும் இடத்தைப் பற்றிய கேள்விகள் தீர்வதில்லை. கடலோர மணற்பாங்கான பூமியில் எல்லோருக்கும் ஒரே நிலத்தடி நீர்தான். மீனவர் வீட்டு அடிபம்பு, பல்கலைக்கழக விடுதி, ஆலையின் போர், பக்கத்தில் தமிழ்நாட்டின் வானூர் வட்டத்து வயல்கள் எல்லாம் அதைத்தான் உறிஞ்சுகின்றன. கூடுதலாக எடுத்தால் கடல் உள்ளே வரும். உப்பேறிய கிணறு மறுபடி நல்ல தண்ணீருக்குத் திரும்பப் பல ஆண்டுகள் ஆகும். திரும்பாமலே போனதும் உண்டு. இந்த நீரை மேற்பார்வையிடும் அதிகாரமோ இரண்டு அரசுகளிடம் பிரிந்து கிடக்கிறது. எல்லைக்கு இந்தப் பக்கம் புதுச்சேரியின் மாசுக்கட்டுப்பாட்டுக் குழுமம், அந்தப் பக்கம் தமிழ்நாடு மாசுக்கட்டுப்பாட்டு வாரியம். நீருக்கு மட்டும் எல்லை இல்லை.

எல்லையால் வரும் கேடு இந்தக் கரைக்குப் புதிதல்ல. 1980களின் இறுதியில் புதுச்சேரித் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கருங்கல் சுவர்கள் கட்டினார்கள். இந்தக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகரும். சுவர் அதைத் தடுத்தது. நகரத்தின் கடற்கரை கரைந்தது. அதைக் காக்கக் கல் கொட்டினார்கள். அரிப்பு வடக்கே நகர்ந்தது. கோட்டக்குப்பத்து மீனவர்களின் வீடுகள் விழுந்தன. அங்கே கல் கொட்டியதும் இன்னும் வடக்கே, பிள்ளைச்சாவடி வரை போயிற்று. துறைமுகத் திட்டத்தின் வரவுசெலவில் பிள்ளைச்சாவடி என்ற பெயர் எங்கும் இருந்திருக்காது. செலவைத் தன் கணக்கில் எழுதாமல் பக்கத்து ஊரின் தலையில் போடும் எந்தத் தொழிலும் லாபமாகத்தான் தெரியும். சுற்றுச்சூழல் பொருளாதாரம் சொல்ல வருவது பெரும்பாலும் இந்த ஒன்றைத்தான்.

இப்போது விபத்துக்கு வருகிறேன். 2023 நவம்பர் தொடக்கத்தில் காலாப்பட்டின் மருந்து மூலப்பொருள் ஆலையில் ஓர் இரவு வெடித்துத் தீப்பிடித்தது. தொழிலாளர்கள் பலர் தீக்காயம் அடைந்தார்கள். ஊர் மக்கள் தெருவுக்கு வந்து போராடினார்கள். அந்தப் போராட்டத்தைத் தொழிலுக்கு எதிரானது என்று சிலர் எழுதினார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. நள்ளிரவில் சத்தம் கேட்டு எழுந்த ஒரு தாய்க்கு, கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருப்பதா, குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடுவதா, ஓடினால் எந்தத் திசையில் என்று யார் சொல்லியிருக்க வேண்டும்?

சட்டம் இதற்குப் பதில் வைத்திருக்கிறது. 1984 டிசம்பரில் போபாலில் நடந்த கொடுமைக்குப் பிறகு இந்தியாவில் அடுத்தடுத்துச் சட்டங்கள் வந்தன. 1986இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம். 1987இல் தொழிற்சாலைகள் சட்டத்தில் சேர்ந்த 41பி பிரிவு, ஆலையில் உள்ள அபாயங்களையும் அவற்றுக்கான பாதுகாப்பு ஏற்பாடுகளையும் தொழிலாளர்களுக்கும் அக்கம்பக்கத்து மக்களுக்கும் சொல்வதை ஆலை நடத்துபவரின் கடமையாக்கியது. 1989இல் வந்த அபாயகரமான ரசாயனங்கள் குறித்த விதிகளின் 15ஆம் விதி, பெரு விபத்து நடந்தால் பாதிக்கப்படக்கூடிய பகுதியில் இருப்பவர்களுக்கு அந்த அபாயம் என்ன, அப்போது அவர்கள் என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக் கூடாது என்று முன்கூட்டியே தெரிவிக்கச் சொல்கிறது. 1996இன் விதிகள் மாவட்ட அளவிலும் ஊர் அளவிலும் நெருக்கடிக் குழுக்களை அமைக்கச் சொல்கின்றன. அந்தக் குழுக்களில் அதிகாரிகளோடு, தொழிற்சாலைகளோடு, ஊர்க்காரர்களுக்கும் இடம் உண்டு.

ஏட்டில் இருப்பது ஊருக்கு வந்து சேருவதில்தான் தடை. உள்ளாட்சி என்று ஒன்று உயிரோடு இருந்தால் அது வந்து சேரும் வழி இருக்கும். காலாப்பட்டு உழவர்கரை நகராட்சியைச் சேர்ந்தது. புதுச்சேரியில் 1968க்குப் பிறகு 38 ஆண்டுகள் கழித்து 2006இல்தான் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அந்தப் பதவிக்காலம் 2011இல் முடிந்தபின் தேர்தலே இல்லை. வார்டு உறுப்பினர் என்று ஒருவர் இல்லாத ஊரில் ஆலை யாரிடம் பதில் சொல்லும்? மீனவப் பஞ்சாயத்தார் இருக்கிறார்கள்; ஊரின் நல்லது கெட்டதை அவர்கள் தீர்த்து வைக்கிறார்கள். ஆனால் ஒரு கம்பெனியின் கோப்பைக் கேட்டு வாங்கும் சட்ட அதிகாரம் அவர்களிடம் இல்லை.

மிஞ்சுவது கருத்துக்கேட்புக் கூட்டம் மட்டும். 2006இன் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, பெரிய ஆலைகள் தொடங்கவும் விரிவாக்கவும் 30 நாள் முன்னறிவிப்போடு மக்களைக் கூட்டிக் கேட்க வேண்டும். அறிக்கையின் சுருக்கத்தை உள்ளூர் மொழியில் தர வேண்டும். 2020 மார்ச்சில் கொரோனாவைக் காரணம் காட்டி, மருந்து மூலப்பொருள் திட்டங்களை மத்திய அரசு தற்காலிகமாக வேறு பிரிவுக்கு மாற்றியது. அந்தப் பிரிவுக்குக் கருத்துக்கேட்பு தேவையில்லை. மருந்து தட்டுப்பாடு வந்துவிடக் கூடாது என்ற கவலை நியாயமானதே. ஆனால் நெருக்கடி என்று வந்ததும் முதலில் கழற்றிவிடப்பட்டது ஊரின் குரல்தான் என்பதை மறக்க முடியவில்லை.

சரி, கம்பெனிகள் தாமாக என்ன செய்கின்றன? 2013 கம்பெனிகள் சட்டத்தின் 135ஆம் பிரிவு, 500 கோடி நிகரமதிப்போ 1,000 கோடி விற்றுமுதலோ 5 கோடி லாபமோ உள்ள கம்பெனி, முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது. இப்படிச் சட்டமாகவே போட்ட முதல் சில நாடுகளில் இந்தியா ஒன்று. நல்ல நோக்கம். பள்ளிக்கூடங்களுக்குக் கழிப்பறை வந்தது, ஊர்களுக்குக் குடிநீர்த் தொட்டி வந்தது. ஆனால் லாபத்தை எப்படி ஈட்டினாய் என்று இந்தச் சட்டம் கேட்பதில்லை. ஈட்டியதில் ஒரு துளியை எங்கே கொடுத்தாய் என்று மட்டும் கேட்கிறது. தொண்டு ஒருபோதும் பொறுப்புக்கு ஈடாகாது. கிணற்றுத் தண்ணீர் கெட்ட ஊருக்கு அதே கம்பெனி தண்ணீர்த் தொட்டி கட்டிக் கொடுத்தால், ஊர் நன்றி சொல்ல வேண்டிய நிலைக்குத் தள்ளப்படுகிறது. கேட்க வேண்டியவர்கள் கைகூப்பி நிற்கிறார்கள்.

இதைவிட முன்னேறியது, பங்குச்சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி 2021இல் கொண்டுவந்த பிஆர்எஸ்ஆர் என்னும் பொறுப்பு அறிக்கை. 2022–23 முதல் பங்குச்சந்தையின் முதல் 1,000 கம்பெனிகளுக்கு அது கட்டாயம். எவ்வளவு தண்ணீர் எடுத்தார்கள், எவ்வளவு கழிவு, நிரந்தரத் தொழிலாளர் எத்தனை பேர், நிரந்தரமல்லாதவர் எத்தனை பேர், எத்தனை விபத்து, ஊர்க்காரர்களிடமிருந்து எத்தனை புகார் என்று அதில் கேட்கிறார்கள். கேள்விகள் நல்லவை. பதில்களோ பெரும்பாலும் கம்பெனி முழுமைக்கும் கூட்டித் தரப்படுகின்றன. பத்து ஊர்களில் ஆலை இருந்தால் பத்து ஊர்த் தண்ணீரும் ஒரே எண்ணாகிவிடும். தண்ணீர்ப் பற்றாக்குறைப் பகுதிகளில் உள்ள ஆலைகளுக்குத் தனித்தனி விவரம் தர இடம் இருக்கிறது. அது விருப்பத்துக்கு விடப்பட்ட பகுதி. மும்பையில் இருக்கும் முதலீட்டாளருக்கு அந்தக் கூட்டுத்தொகை போதும். காலாப்பட்டில் இருப்பவருக்குத் தன் ஊர் எண் வேண்டும்.

சமூகப் பக்கத்தில் புதுச்சேரிக்குச் சொல்ல ஒரு பெரிய வரலாறு இருக்கிறது. 1936 ஜூலை 30 அன்று சவானா மில்லில் போராடிய தொழிலாளர்கள்மீது பிரெஞ்சுப் போலீஸ் சுட்டதில் 12 பேர் இறந்தார்கள். தொழிற்சங்கத் தலைவர் வ. சுப்பையா முன்னின்று நடத்திய அந்தப் போராட்டம் எட்டு மணி நேர வேலையைப் புதுச்சேரிக்குப் பெற்றுத் தந்தது. ஆசியாவிலேயே முதல் வெற்றி என்று தொழிற்சங்கங்கள் இன்றும் பெருமையோடு சொல்கின்றன. மனிதர்களைத் தேய்த்து நடத்தும் தொழில் நெடுங்காலம் நிற்காது என்பதை அறிக்கை எழுதும் ஆலோசகர்கள் சொல்வதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே இந்த ஊர்த் தொழிலாளிகள் உயிர் கொடுத்துச் சொன்னார்கள். அவர்களின் மில்கள் இன்று இல்லை. 1898இல் தொடங்கிய ரோடியர் மில், பின்னாளில் ஏஎஃப்டி என்று அரசின் கைக்கு வந்து, 2011 டிசம்பரின் தானே புயலில் அடிபட்டு, 2020இல் மூடப்பட்டது. சுவதேசி மில்லும் பாரதி மில்லும் அப்படியே. பல ஆயிரம் குடும்பங்களுக்குச் சோறு போட்ட அந்தச் சங்கு ஊதுவது நின்றபின், அடுத்த தலைமுறை காண்ட்ராக்ட் வேலைக்குப் போகிறது.

காண்ட்ராக்ட் முறையைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும். ரசாயன ஆலையில் ஆபத்தான வேலைகள் பல, தொட்டி கழுவுவது, மூட்டை ஏற்றுவது, இரவு ஷிப்டில் பழுது பார்ப்பது எல்லாம் காண்ட்ராக்ட் ஆட்களிடம் விடப்படுகின்றன. அவர்களுக்குப் பயிற்சி குறைவு, வேலை நிச்சயமில்லை, குறை சொன்னால் மறுநாள் வேலை இருக்காது. அபாயத்தை முதலில் பார்ப்பவர்கள் அவர்கள். அதை வாய்விட்டுச் சொல்லத் துணிவில்லாதவர்களும் அவர்களே. காண்ட்ராக்ட் தொழிலாளி பயமில்லாமல் "இந்த வால்வு சரியில்லை" என்று சொல்ல முடியாத ஆலைக்கு எத்தனை சான்றிதழ் இருந்தாலும் அது பாதுகாப்பான ஆலை இல்லை.

மாறவே முடியாது என்று சொல்பவர்களுக்குத் திருப்பூர் ஒரு பதில். சாயக்கழிவு நொய்யல் ஆற்றில் கலந்து, 1992இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்குப் பயன்படாமல் கழிவுக் குட்டையானது. கீழ்ப்பகுதி ஆயக்கட்டு விவசாயிகள் வழக்குப் போட்டு ஆண்டுக்கணக்கில் விடாமல் நடத்தினார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் 700க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. ஊரே முடங்கியது, வேலை போயிற்று, சில பட்டறைகள் வேறு மாவட்டங்களுக்கு நகர்ந்து அங்கே மாசைக் கொண்டுபோயின. ஆனால் நின்றவர்கள், கழிவுநீரைச் சொட்டுக்கூட வெளியே விடாத முறைக்கு மாறினார்கள். தண்ணீரில் பெரும்பகுதியை மீட்டு மறுபடி சாயத்துக்கே பயன்படுத்துகிறார்கள். மின்சாரச் செலவும், தேங்கும் உப்புக் கழிவும் இன்னும் தலைவலியாகத்தான் இருக்கின்றன. இருந்தும் எல்லோருக்கும் ஒரே விதி, ஒரே நாளில், விலக்கில்லாமல் வந்தபோது தொழில் மாறியது. தானாக முன்வந்து செய்வோம் என்ற வாக்குறுதி சாதிக்காததை அது சாதித்தது.

எதிர்ப்பக்கத்துக்கு ராணிப்பேட்டை. அங்கே 1990களின் நடுவில் மூடப்பட்ட குரோமேட் ஆலை, ஒன்றரை லட்சம் டன்னுக்கும் அதிகமான குரோமியக் கழிவைத் திறந்தவெளியில் விட்டுப்போனது. மாசு செய்தவர்தான் அதற்கு விலை தர வேண்டும் என்ற கொள்கையைப் பாலாற்றுத் தோல் ஆலைகள் வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் நிலைநாட்டியது. ஆனால் விலை தர வேண்டிய கம்பெனியே மறைந்துவிட்டால்? ஆலை நடக்கும் காலத்திலேயே மூடும் நாளுக்கான பணத்தை ஒதுக்கி வைக்கச் சொல்வதுதான் வழி. சுரங்கங்களுக்கு அப்படி ஓர் ஏற்பாடு இருக்கிறது. ரசாயன ஆலைகளுக்கும் வர வேண்டும்.

சிறுதொழில்களையும் மறக்கக் கூடாது. புதுச்சேரியைச் சுற்றி வேறு மாதிரி செய்து காட்டியவர்கள் உண்டு. அரவிந்தர் ஆசிரமத்தின் கைக்காகித ஆலை துணிக்கழிவில் காகிதம் செய்கிறது. 1978இல் தொடங்கிய தோல்பொருள் கம்பெனியான ஹைடிசைன், குரோமியத்துக்குப் பதில் மரப்பட்டைச் சாறுகளில் பதப்படுத்திய தோலை உலகச் சந்தைக்குக் கொண்டுபோனது. ஆரோவில்லின் உபாசனா, சுனாமிக்குப் பிறகு மீனவப் பெண்களைக் கொண்டு துணித்துண்டுகளில் சுனாமிகா பொம்மைகளைச் செய்ய வைத்தது. விற்காமல் பரிசாகவே கொடுத்தார்கள். இவற்றை நான் மதிக்கிறேன். ஆனால் காஸ்டிக் சோடாவையும் காய்ச்சல் மருந்தையும் இந்த அளவில் செய்ய முடியாது. நல்ல சிறுதொழில்களைக் காட்டிப் பெருந்தொழிலின் கேள்விகளைத் தள்ளிப்போடுவதும் தவறுதான்.

காலாப்பட்டுக்கு வேண்டியவை பெரிய செலவு பிடிப்பவை அல்ல. ஆலைகளைச் சுற்றியுள்ள கிணறுகளின் நீரை மாதம் ஒருமுறை ஆலைக்குத் தொடர்பில்லாதவர்கள் சோதித்து, முடிவைத் தமிழில் மீனவப் பஞ்சாயத்துத் திண்ணையிலும் ரேஷன் கடையிலும் ஒட்ட வேண்டும். சூழலியல் துறை உள்ள பல்கலைக்கழகம் அதே ஊரில் இருக்கும்போது ஆள் தேட வேண்டியதில்லை. அபாயச் சங்கு எப்படி ஒலிக்கும், ஒலித்தால் எங்கே போக வேண்டும் என்று ஒவ்வொரு வீட்டுக்கும் சொல்லி, ஆண்டுக்கு ஒருமுறை இரவில் ஒத்திகை பார்க்க வேண்டும். காண்ட்ராக்ட் தொழிலாளிக்கும் பாதுகாப்புக் குழுவில் இடம் வேண்டும். நிலத்தடி நீருக்குப் புதுச்சேரியும் விழுப்புரம் மாவட்டமும் சேர்ந்து ஒரே கணக்கு வைக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக உள்ளாட்சித் தேர்தல் நடக்க வேண்டும். அது இல்லாமல் மற்றவை அதிகாரிகளின் நல்ல மனதை நம்பியே நிற்கும்.

இதைப் படிக்கும் பலரிடம் இன்று நேரடியாகவோ மியூச்சுவல் ஃபண்டு வழியாகவோ கம்பெனிப் பங்குகள் இருக்கின்றன. பங்கை நேரடியாக வைத்திருப்பவர் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் இணையம் வழியாகவே கேள்வி கேட்கலாம். ஒரு பங்கு வைத்திருந்தாலும் போதும். லாபப் பங்கு எவ்வளவு என்று கேட்பதற்கு முன், ஒவ்வொரு ஆலைக்கும் தனித்தனியாகத் தண்ணீர்க் கணக்கும் விபத்துக் கணக்கும் தரச் சொல்லிக் கேளுங்கள். அந்த ஊர் மொழியில் தரச் சொல்லுங்கள்.